பின்சில்லுக் காருக்குப் பனி பகையா?

பின்சில்லு இழுக்கிற காரைப் பனிக்காலத்தில் வெளியே எடுக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நான் அவரிடம் ஒன்றுதான் கேட்பேன். 2000ஆம் ஆண்டுகளில் ரொறொன்ரோப் பொலிஸ் எதில் ஓடித் திரிந்தது? ஃபோர்ட் கிரவுன் விக்டோரியாவில். நாங்கள், டாக்ஸிக்காரர், எதில் ஓடினோம்? பொலிஸ் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட அதே கிரவுன் விக்டோரியாவில். பியர்சன் விமான நிலையத்து வாசலில் கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு நின்ற லிங்கன் டவுன் கார்களும் அதே சாசியில் கட்டியவைதான். மூன்றுக்கும் எஞ்சின் முன்னுக்கு, இழுக்கும் சில்லு பின்னுக்கு. 1999 ஜனவரியில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டி மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தைக் கூப்பிட்டாரே, மற்ற மாகாணத்துக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி எங்களைக் கேலி பண்ணுகிறார்களே, அந்த மாதமும் இந்த நகரத்தில் டாக்ஸி ஓடியது.

கிரவுன் விக்டோரியா இங்கேயே, ஒன்ராறியோவின் சென்ட் தோமஸ் தொழிற்சாலையில் செய்த கார். 2011 செப்டெம்பரில் கடைசிக் கார் வெளியே வந்ததோடு அந்தத் தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். இவ்வளவு பனி பார்த்த அந்த வம்சத்தின் கடைசிக் கார் கப்பலேறிப் போனது சவூதி அரேபியாவுக்கு!

நான் டாக்ஸியை விட்டுக் கனகாலம். ஆனாலும் முதல் பனி விழுந்தவுடன் எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். தெரிந்தவர்களின் பிள்ளைகள் வேலை கிடைத்த கையோடு பழைய பிஎம்டபிள்யூ, மஸ்டாங், டொட்ஜ் சார்ஜர் என்று வாங்கிவிடுவார்கள். வாங்கும்போது கோடைகாலமாக இருந்திருக்கும். டிசம்பரில்தான் தகப்பன்மாருக்குப் பயம் பிடிக்கும். “அண்ணை, பெடியன்ரை கார் பின்சில்லாம். வித்துப்போட்டு வேறை எடுக்கச் சொல்லட்டோ?” விற்கத் தேவையில்லை என்று நான் சொல்வேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத் தொலைபேசியில் விளக்க முடியாது.

முதலில் பின்சில்லுக் காரின் குறையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து ஹயர் கார்களான மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும், தமிழ்நாட்டு அம்பாசடரும் எல்லாமே பின்சில்லுக் கார்கள்தான். எஞ்சின் முன்னால் இருக்கும். ஒரு நீண்ட தண்டு காரின் வயிற்றுக்குக் கீழே ஓடிப் பின்சில்லுகளைச் சுழற்றும். 1980களில் வட அமெரிக்காவின் சின்னக் கார்கள் ஒவ்வொன்றாக முன்சில்லுக்கு மாறின. எஞ்சினையும் கியரையும் முன்சில்லுகளையும் ஒரே இடத்தில் பொருத்தினால் உள்ளே இடம் மிஞ்சும், செய்யும் செலவும் குறையும். பனிக்கு நல்லது என்பது அதோடு ஒட்டி வந்த லாபம். முன்சில்லுக் காரில் மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் இழுக்கிற சில்லுகளின் மேலேயே அமர்ந்திருக்கும். பின்சில்லுக் காரிலோ எஞ்சினின் பாரம் ஒரு பக்கம், இழுக்கவேண்டிய சில்லுகள் மறுபக்கம். அந்தக் காலத்துக் கார்களில் பின்னுக்கு 45 சதவீதம் இருந்தால் பெரிய காரியம். பின்பெட்டி வெறுமையாக ஓடும் பிக்கப் லொறியில் அதுவும் இராது.

சைக்கிளும் பின்சில்லு வாகனம்தான். வடமராட்சி கிழக்கில், மணற்காட்டுப் பக்கம் மணலுக்குள் சைக்கிள் உழக்கியவர்களுக்கு இது விளங்கும். சீற்றிலிருந்து எழும்பி முன்னுக்குக் குனிந்து உழக்கினால் பின்சில்லு மணலைக் கிண்டிக்கொண்டு அதே இடத்தில் சுழலும். கரியரில் ஒருவர் இருந்தால் கால் நோகும், ஆனால் சைக்கிள் நகரும்.

அதனால்தான் அந்தக் காலத்து டாக்ஸிக்காரர் டிக்கியில் மண்மூட்டை போட்டுக்கொண்டு திரிந்தார்கள். இங்கே பனிக்காலத்தில் இரும்புச் சாமான் கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் நீளமான குழாய் வடிவப் பையில், 25, 30 கிலோ எடையில் மண் விற்பார்கள். இரண்டு பை போதும். எங்கே வைக்கிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது கொஞ்சம் முன்னால், பின்சீற்றோடு ஒட்டினாற்போல் வைக்கவேண்டும். டிக்கியின் கடைசி மூலையில், பம்பருக்குப் பக்கத்தில் வைத்தால் புறப்படும்போது உதவும். வளைவில் கார் சறுக்கத் தொடங்கினால் அந்தப் பாரமே பின்பக்கத்தை இன்னும் வெளியே இழுத்துக்கொண்டு போகும். பையைக் கட்டி வைக்கவும் வேண்டும். சடுதியாகப் பிரேக் போட்டால் 30 கிலோ மூட்டை இருந்த இடத்தில் இராது. எங்காவது புதைந்துவிட்டால் பையை வெட்டி மண்ணைச் சில்லுக்கு அடியில் தூவலாம் என்பது கூடுதல் லாபம். ஆனால் மண்மூட்டை காரைப் பாரமாக்குகிறதே தவிரப் பிரேக் தூரத்தைக் குறைக்காது. இன்றைய கார்களுக்கு அதை நான் முதல் மருந்தாகச் சொல்வதே இல்லை.

முதல் மருந்து டயர்.

இதை ஒரு சின்னக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். காய்ந்த தார் வீதியில் டயருக்குக் கிடைக்கும் பிடியின் அளவு ஏறக்குறைய 0.7. அழுத்தி இறுகிய பனியில் அது 0.2 ஆகிவிடும். வழுவழுப்பான ஐஸில் 0.1, சிலவேளை அதிலும் குறைவு. 0.1 பிடியில், பின்னுக்கு 45 சதவீதப் பாரம் உள்ள கார் 100 மீட்டருக்கு 4½ மீட்டர் உயரும் ஏற்றத்தில் தத்தளிக்கத் தொடங்கும். 60 சதவீதம் முன்னுக்கு உள்ள முன்சில்லுக் கார் 6 மீட்டர் ஏற்றம் வரை சமாளிக்கும். வித்தியாசம் இருக்கிறதுதான். இப்போது பின்சில்லுக் காருக்குப் பனி டயர் பூட்டுங்கள். அது பிடியை ஒன்றரை மடங்காக்குகிறது என்று மட்டும் வைத்துக்கொள்வோம். அதே கார் 6¾ மீட்டர் ஏற்றத்தை ஏறும். எல்லாப் பருவத்து டயரோடு நிற்கும் முன்சில்லுக் காரை அது தாண்டிவிட்டது.

இது ஏற்றக் கணக்கு. உயிரோடு விளையாடுவது நிறுத்தக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார், பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த வீதியில் 14 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 50 மீட்டர். ஐஸில் 100 மீட்டர்! இந்தக் கணக்கில் முன்சில்லு, பின்சில்லு, நாலுசில்லு என்ற பேச்சே வரவில்லை என்பதைப் பாருங்கள். பிரேக் எல்லாக் காரிலும் நாலு சில்லையும்தான் பிடிக்கிறது. பாரி நகரத்துப் பக்கம், 400ஆம் நெடுஞ்சாலையில் ஏரிக் காற்றோடு பனி அள்ளிக் கொட்டுகிற நாட்களில் பள்ளத்துக்குள் இறங்கி நிற்கும் வாகனங்களைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். பெரிய நாலுசில்லு எஸ்யூவிக்கு அங்கே ஒருநாளும் பஞ்சமில்லை. நாலு சில்லும் இழுப்பதால் புறப்படும்போது வழுக்குவது ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. வீதி நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்து 100இல் போவார். முன்னால் சிவப்பு விளக்குகள் எரியும்போதுதான் வீதி எப்படி இருந்தது என்று தெரியவரும். பின்சில்லுக் கார் அந்த விஷயத்தில் யோக்கியமானது. வீட்டு வாசலில் இருந்து இறங்கும்போதே பின்பக்கத்தை ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டிவிடும்.

பனி டயரில் என்ன இருக்கிறது? ரப்பர்தான். சாதாரண டயரின் ரப்பர் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போகப்போக இறுகத் தொடங்கும். மைனஸ் 15இல் அது வீதியின் மேடுபள்ளத்துக்குள் இறங்கிப் பற்றிக்கொள்ளாமல் மேலாகவே வழுக்கிக்கொண்டு போகும். பனி டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்று இருக்கும்படி கலந்தது. அதன் கட்டைகளில் கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் ஐஸைச் சுரண்டும், மேலே நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சி வழிவிடும். பனி டயரைத் தொடக்கியவர்கள் பின்லாந்துக்காரர்; நோக்கியா நகரத்து ரப்பர் தொழிற்சாலை 1934இலேயே லொறிகளுக்குப் பனி டயர் செய்தது. நல்ல டயரா என்று பார்க்க எளிய வழி உண்டு. பக்கச் சுவரில் மூன்று சிகரம் உள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் அடையாளம் இருக்கவேண்டும். ஆங்கில எழுத்தில் எம், எஸ் என்று மட்டும் போட்டிருந்தால் அது பனியில் சோதித்துத் தேறியது என்று அர்த்தமில்லை.

நாலும் ஒரே மாதிரி பூட்டவேண்டும். பின்சில்லுக் காருக்குப் பின்னுக்கு இரண்டு மட்டும் பூட்டுவது பழைய டாக்ஸிக்காரரின் சிக்கனம். புறப்படுவதற்கு அது போதும். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சில்லு பிடிக்காமல் கார் நேரே போகும். பிரேக்கில் பெரும்பங்கு வேலை செய்வதும் முன்சில்லுகள்தான். கட்டைகளின் ஆழத்தையும் பார்க்கவேண்டும். ஒன்ராறியோச் சட்டம் 1.5 மில்லிமீட்டர் வரை விடுகிறது. 4 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் அந்த டயரைப் பனியில் நம்ப வேண்டாம் என்பது கனடியப் போக்குவரத்து அமைச்சின் அறிவுரை. காற்றையும் மறக்கக் கூடாது. ஏறக்குறைய 5½ பாகை குளிர் கூடினால் டயரில் ஒரு பிஎஸ்ஐ இறங்கிவிடும். அக்டோபரில் அடித்த காற்று ஜனவரியில் அப்படியே இருக்காது.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் இல்லாமல் ஓடினால் தண்டம். ஒன்ராறியோவில் அப்படிச் சட்டமில்லை. பனி டயர் பூட்டினால் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்கவேண்டும் என்று 2016இலிருந்து காப்புறுதி நிறுவனங்களுக்கு விதி இருக்கிறது. எங்கள் ஆட்களில் பலர் இந்தக் கழிவைக் கேட்டு வாங்குவதில்லை. கேளுங்கள். ஆணி பதித்த டயர் வடக்கு ஒன்ராறியோவில் வசிப்பவர்களுக்குத்தான், ரொறொன்ரோக்காரருக்குக் கூடாது.

சரி, டயர் பூட்டியாயிற்று. எப்படி ஓட்டுவது?

டயருக்கு இருக்கும் பிடி ஒரு அளவுதான். வேகம் எடுப்பது, திரும்புவது, நிறுத்துவது எல்லாம் அந்த ஒரே பிடிக்குள்தான் நடக்கவேண்டும். வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரையும் அழுத்தினால் பின்சில்லு இரண்டையும் தாங்காது. 401இல் இருந்து மார்க்கம் வீதிக்கு இறங்கும் வளைவை எடுங்கள். வேகத்தை வளைவுக்கு முன்னால், கார் நேராகப் போகும்போதே குறைத்துவிடவேண்டும். வளைவுக்குள் கால் ஆக்ஸிலேட்டரில் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். வளைவு முடிந்து ஸ்டியரிங் நேராகும்போதுதான் மெல்ல மெல்ல அழுத்தலாம். பின்சில்லுக் காரை இப்படி ஓட்டத் தெரிந்தவர் எந்தக் காரையும் பனியில் ஓட்டுவார்.

பின்பக்கம் போய்விட்டது என்று வையுங்கள். கண்ணால் காண்பதற்கு முன்னாலேயே அது தெரியும். இருக்கையின் அடியில் ஒரு லேசான தளர்வு. கார் ஒரு பக்கம் நழுவுகிறது என்று இடுப்புக்குத்தான் முதலில் தெரியும். அந்த நேரம் பிரேக்கில் கால் போகக் கூடாது. ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை மெதுவாக எடுக்கவேண்டும். சட்டென்று எடுத்தால் எஞ்சின் பின்சில்லைப் பிடித்து இழுத்து இன்னும் சறுக்கவைக்கும். ஓட்டோமற்றிக் என்றால் நியூட்ரலுக்குத் தட்டிவிடலாம், கியர்க் கார் என்றால் கிளச்சை மிதிக்கலாம். கண் பார்க்கவேண்டிய இடம் ஒன்றுதான்: நீங்கள் போக விரும்பும் பாதை. விளக்குக் கம்பத்தைப் பார்த்தால் கை அங்கேதான் திருப்பும். பின்பக்கம் வலப்பக்கமாக வெளியே போனால் ஸ்டியரிங்கும் வலப்பக்கமாக, பாதையைப் பார்த்துத் திரும்பவேண்டும்.

பலருக்கு இது வரை தெரியும். விபத்து நடப்பது இதற்குப் பிறகு. பின்பக்கம் திரும்பி வரத் தொடங்கியவுடனேயே ஸ்டியரிங்கை நேராக்கிவிடவேண்டும். அரைச் செக்கன் தாமதித்தால், முன்சில்லு இன்னும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிடி வந்துவிடும். கார் மறுபக்கமாக வீசும். முதல் சறுக்கலை விட இரண்டாவது சறுக்கல் எப்போதும் பெரியது, வேகமானது.

முன்சில்லுக் கார் சறுக்கினால் பெரும்பாலும் ஸ்டியரிங்கைக் கேளாமல் நேரே போகும். காலை எடுத்துக் காத்திருந்தால் பிடி திரும்பும். பழகாதவருக்கு அது சுலபம் என்பதை மறுக்க மாட்டேன். பின்சில்லுக்குக் கை வேலை தெரியவேண்டும்.

இதைப் பழகுவதற்கு வெறுமையான பார்க்கிங் லொட் தேடிப் போகும் இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒன்ராறியோவில் இப்போது பார்க்கிங் லொட்டுக்குள் வேண்டுமென்று காரைச் சுழற்றுவதும் ஸ்டண்ட் டிரைவிங். அந்த இடத்திலேயே லைசென்ஸ் 30 நாள் போகும், கார் 14 நாள் போகும். காசு கட்டிப் படிப்பிக்கிற பனிக்கால ஓட்டுநர் பள்ளிகள் இருக்கின்றன. ஒரு நாள் பாடம் ஒரு பம்பரின் விலையை விடக் குறைவு.

இனி, நான் அடிக்கடி பார்க்கும் வேறொரு கூத்து. தெரிந்த பெடியன் ஒருவன் மார்க்கம் வீதிப் பிளாசா ஒன்றில் இருந்து கூப்பிட்டான். பழைய பிஎம்டபிள்யூ, எல்லாப் பருவத்து டயர். கடைக்குள் போய் வருவதற்குள் பனி தள்ளும் லொறி அவனுடைய காருக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு வரம்பு கட்டிவிட்டுப் போயிருந்தது. நான் போனபோது எஞ்சின் அலறுவதும் அடங்குவதுமாக இருந்தது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

“மாமா, இந்தக் கார் ஸ்னோக்குச் சரிவராது எண்டு அப்பா சொன்னவர்.”

“முதல்ல காலை எடு தம்பி. இறங்கி வந்து கீழை பார்.”

வலப் பின்சில்லுக்கு அடியில் ஒரு குழி. கண்ணாடி போல் மினுங்கியது. சுழலும் டயரின் சூட்டில் பனி உருகி, உருகிய தண்ணீர் திரும்ப உறைந்து, அவன் அழுத்த அழுத்தத் தானே தனக்கு ஐஸ் மெருகு போட்டுக்கொண்டிருந்தான். வலச்சில்லு மட்டும்தான் சுழன்றிருந்தது. சாதாரண டிஃபரென்ஷியலின் குணம் அது: எந்தச் சில்லுக்குப் பிடி குறைவோ அதுதான் சுழலும், மற்றது சும்மா நிற்கும். காரின் வயிறு வேறு பனியில் தட்டிக்கொண்டிருந்தது. வயிறு பனியில் இருந்தால் பாரம் சில்லில் இல்லை. நாலு சில்லும் இழுத்தாலும் போகாது.

சவளை எடுத்து முதலில் வயிற்றுக்குக் கீழே இருந்ததை இழுத்து எடுத்தோம். பிறகு பின்னால் இருந்த வரம்பில் இரண்டு சில்லுக்கும் இரண்டு பாதை, ஒவ்வொன்றும் ஒரு கார் நீளம். ஐஸ் மெருகைச் சவளின் விளிம்பால் கொத்தி உடைத்தோம். மண் தூவினோம். ஸ்டியரிங்கை நேராக்கச் சொன்னேன். திரும்பி நிற்கும் முன்சில்லு பனியை உழும், அதுவே ஒரு பிரேக். பிறகு சறுக்கல் தடுக்கும் கருவியைப் பொத்தானை அழுத்தி நிறுத்தச் சொன்னேன். வீதியில் அதை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. புதைந்து கிடக்கும்போது மட்டும் அது இடைஞ்சல். சில்லு கொஞ்சம் சுழன்றவுடனேயே எஞ்சினின் சக்தியை வெட்டிவிடும், கார் அசையாது. ரிவர்ஸில் ஒரு அடி பின்னுக்கு, டிரைவில் ஒரு அடி முன்னுக்கு, ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும். மூன்றாம் ஆட்டத்தில் கார் வரம்பைத் தாண்டிவிட்டது. காரின் பாய் விரிப்பைச் சில்லுக்கடியில் வைக்கலாமா என்று அவன் முதலில் கேட்டிருந்தான். வைக்கலாம். ஆனால் முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. சுழலும் சில்லு அதை எறிகிற வேகம் சும்மா வேகம் இல்லை.

வெளியே வந்த கையோடு பொத்தானைத் திரும்ப அழுத்தவைத்தேன். சறுக்கும்போது ஒவ்வொரு சில்லாகத் தனித்தனியே பிரேக் போட்டுக் காரை நேராக்கும் கருவி, 2011 செப்டெம்பருக்குப் பிறகு செய்த எல்லாப் பயணிகள் கார்களிலும் கனடாவில் கட்டாயம். எங்கள் காலத்து டாக்ஸிகள் பலவற்றில் அது இல்லை. அந்த வேலையைக் கையும் காலும் செய்தன. பின்சில்லுக் காரைப் பற்றிய பயத்தில் பாதி அந்தக் காலத்தில் இருந்து வந்தது. அவனுடைய அப்பா பயந்ததும் அதனால்தான். அப்பா சொன்னதில் அரைவாசி சரி என்று பெடியனுக்குச் சொன்னேன். மற்ற அரைவாசியை டயர்க் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

எந்த நாள் மோசமான நாள் என்பதையும் சொல்லவேண்டும். மைனஸ் 20இல் வீதி மோசமாக இருக்கும் என்றுதான் ஊரில் இருந்து வந்தவர்கள் நினைப்பார்கள். மைனஸ் 20இல் ஐஸ் காய்ந்து கிடக்கும், ஓரளவு பிடிக்கும். பூச்சியத்துக்கு ஒன்றிரண்டு பாகை மேலே கீழே நிற்கிற நாள்தான் ஆபத்து. ஐஸின் மேல் தண்ணீர்ப் படலம் நிற்கும் நாள் அது. பகலில் உருகியது மாலை ஆறு மணிக்குத் தார் நிறத்திலேயே உறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பாலங்கள் முதலில் உறையும்; கீழாலும் காற்று போகிறது, மண்ணின் சூடு அதற்கு இல்லை. முன்னால் போகும் காரின் டயரில் இருந்து தண்ணீர் சிதறுகிறதா என்று பாருங்கள். வீதி நனைந்த மாதிரித் தெரிந்தும் சிதறல் இல்லையென்றால் அது தண்ணீர் இல்லை. உப்பு லொறி போய்விட்டது என்று ஆறுதல்படவும் முடியாது. சாதாரண உப்பு மைனஸ் 10ஐத் தாண்டும்போதே சோர்ந்துவிடும்.

ஸ்காபரோவில் கிங்ஸ்டன் வீதியில் இருந்து பிளஃபர்ஸ் பூங்காவுக்கு இறங்கும் பிரிம்லி வீதியை இப்படியான ஒரு மாலையில் பார்க்கவேண்டும். ஏரியை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் பாதை. இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினால் பிடிக்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். பின்சில்லுக் காரில் அந்தப் பிடிப்பு பின்சில்லுகளில் மட்டும்தான் விழும். ஐஸில் அது கைபிரேக் இழுத்த மாதிரி. சரிவு தொடங்குவதற்கு முன்னால், மேலேயே, நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டுத்தான் குறைந்த கியருக்குப் போகவேண்டும். பிரேக்கை மெல்ல மெல்ல மிதிக்கவேண்டும். காலுக்குக் கீழே பிரேக் கடகடவென்று நடுங்கினால் பயப்பட வேண்டாம், ஏபிஎஸ் வேலை செய்கிறது. காலை எடுக்கக் கூடாது.

முடிந்துபோன கதை என்று நினைத்திருந்த பின்சில்லு இப்போது மின்சாரக் கார்களோடு திரும்பி வந்திருக்கிறது. டெஸ்லா மொடல் 3, ஃபோக்ஸ்வாகன் ஐடி 4, ஹியுண்டாய் ஐயோனிக் 5, எல்லாவற்றிலும் விலை குறைந்த வகைக்குப் பின்சில்லுதான். ஆனால் இது வேறு பிறவி. பற்றறி தரையில் பரவிக் கிடக்கிறது, மோட்டர் பின் அச்சிலேயே இருக்கிறது. பின்னுக்குப் பாரம் போதாது என்ற பழைய குறை ஏறக்குறையப் போய்விட்டது. சில்லு வழுக்கத் தொடங்கினால் மோட்டரின் சக்தியைக் கணினி உடனே குறைத்துவிடும். பெற்றோல் எஞ்சினுக்கு அந்த வேகம் வராது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். காலை எடுத்தவுடன் மோட்டர் மின்சாரத்தைத் திரும்பச் சேமித்துக்கொண்டு காரைப் பிடித்து இழுக்கும். பின்சில்லு வகையில் அந்தப் பிடிப்பும் பின்சில்லில்தான். பல கார்களில் அதைக் குறைத்துவைக்க வழியிருக்கிறது. ஐஸ் நாளில் குறைத்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

பிளாசாப் பெடியன் இப்போது அப்படி ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறான். போன கிழமை கூப்பிட்டான்.

“மாமா, நாலு சில்லும் இழுக்கிற மொடலுக்கு இன்னும் சில ஆயிரம் டொலர் கூடக் கேக்கிறாங்கள். குடுக்கட்டோ?”

“பாரிப் பக்கம் வேலையோ உனக்கு?”

“இல்லை, டவுன்டவுன்.”

“அப்ப பின்சில்லையே எடு. நாலு பனி டயர், றிம்மோட வாங்கு.”

“அப்பவும் காசு மிஞ்சும் மாமா.”

“ஒரு சவள் வாங்கி டிக்கிக்கை போடு. வைப்பரையும் மாத்து.”